போன வேலையை ஏன் விட்டீர்கள் என்று கதிரை கொடுத்துக் கேட்கிறார்கள்

இந்த ஊரில் வேலை கேட்டுப் போனால் முதலில் கதிரை கொடுக்கிறார்கள். அதுவும் மெத்தை வைத்த கதிரை. கேட்கிறவர் பெரியவர், நான் வேலை இல்லாதவன். ஆனால் அவர்தான் எழுந்து வந்து கதவைத் திறந்து விடுகிறார். கோப்பி குடிப்பீங்களா, வந்த வழியில் பனி வழுக்கியதா என்று விசாரிக்கிறார். தன் பேரைச் சொல்லி, அந்தப் பேரையே சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். நான் அந்தக் கதிரையின் நுனியில்தான் உட்காருவேன். சாய்ந்து உட்கார்ந்தால் ஏதோ மரியாதை கெட்டுப்போகும் போல முதுகு தானாக நிமிர்ந்து கொள்கிறது. கனடாவில் வின்னிபெக் என்கிற இந்த நகரத்துக்கு வந்து இரண்டு குளிர்காலம் பார்த்தாச்சு. மூக்குக்குள் மயிர் உறைகிற குளிருக்குக்கூட உடம்பு பழகிவிட்டது. இந்தக் கதிரைக்குத்தான் பழகவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் பேசிவிட்டு, சிரித்த முகத்தோடு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "போன வேலையை ஏன் விட்டீங்க?" நான் விடவில்லை. நிறுத்தினார்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு பங்குனியில் இருந்து அடுத்த தை வரைக்கும் நான் வேலை இல்லாமல் இருந்தேன். படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னை மாதிரி வந்து நுனிக்கதிரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும், ஊரில் இருந்து "அங்க வேலைக்கு என்னா பஞ்சம்?" என்று கேட்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கலாம் என்று எழுதுகிறேன்.

இலங்கையில், மாத்தளைக்கு மேலே எல்கடுவயில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் கதிரைகள் உள்ளேதான் இருந்தன. நமக்கு ஜன்னல். அந்த ஜன்னலையும் தாழ்வாகத்தான் வைத்திருந்தார்கள். எவ்வளவு கட்டையான ஆளும் கொஞ்சம் குனிந்தால்தான் உள்ளே இருக்கிற துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், முகம் தெரியும். கலியாணத்துக்கு முன்னே நான் அந்தத் தோட்டத்து டீ பெக்டரியில் வேலை செய்தேன். ஒருநாள் டிரையரில் தூள் கருகிவிட்டது. அது என் சிப்ட் இல்லை. நான் வேலைக்கு ஏறும்போதே வாசம் மாறியிருந்தது. ஆனால் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே வந்தபோது கருகின தூளை அள்ளிக்கொண்டு நின்றது நான். அன்றைக்கே என் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் என்னை ஆபிஸுக்குக் கூட்டிப் போனார். போகும் வழியில் சொன்னார்:

"வெளக்கம் ஒண்ணும் சொல்லாத. யாரு சிப்ட்டு, யாரு அடுப்பப் பாத்தா, அதெல்லாம் வாய்ல வரப்படாது. தப்பு எம்மேலதாங்க தொரைன்னு சொல்லிட்டு வாய மூடிக்க."

"நான் செய்யலியே தலைவரே."

"செஞ்சியா செய்யலியான்னு இப்ப யாரு கேட்டா? ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

ஜன்னலில் குனிந்து அப்படியே சொன்னேன். துரை சத்தம் போட்டார், மாடு என்றார், வேறு என்னென்னமோ சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாளைக்குப் பெரட்டுக்கு வா" என்றார். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்கள் என்றால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். திரும்பி வரும்போது தலைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லு, யாரு சிப்ட்டு?" என்று கேட்டார். இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்தோம். எனக்கு வேலை கிடைத்தது, துரைக்கு மரியாதை கிடைத்தது, தூளும் எப்படியோ விற்றுப்போயிருக்கும். வேலை போனால் அதைத் திரும்பக் கேட்கிற முறை இதுதான் என்று நான் படித்தது அங்கேதான். அதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு தனலெட்சுமியைக் கட்டி மாத்தளை டவுனுக்கு வந்தேன். கிராம்பும் மிளகும் வாங்கி விற்கிற கடையில் வேலை. மகள் தர்ஷினிக்கு அம்மை வார்த்து, கண் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் பயம் காட்டின நேரத்தில் மாரியம்மாவிடம் வேண்டினேன். பிள்ளைக்குக் கண்ணைக் கொடுத்தால் உயிர் உள்ளவரைக்கும் ஒவ்வொரு மாசித் திருவிழாவுக்கும் உனக்குக் காப்புக் கட்டுகிறேன் தாயே என்று. கண் தங்கிவிட்டது. அதிலிருந்து கொடியேற்றத்தன்று வலது கையில் மஞ்சள் கயிறு கட்டுவேன். தேரும் தீர்த்தமும் முடிகிறவரைக்கும் அதைக் கழற்றக் கூடாது. முடிந்த பிறகு அவிழ்த்து ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். சுது கங்கை ஆற்றில் போய் விட்டுவிட்டு வருவேன். தேரன்றைக்கு மாத்தளையில் எந்த முதலாளியிடமும் லீவு கேட்கத் தேவையில்லை. எல்கடுவ, இரத்தோட்டை என்று தோட்டமெல்லாம் பஸ் ஏறி இறங்கி வந்துவிடும். முதலாளியே வடம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தனம் முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு விசா எடுத்து, அவள் பின்னால் நானும் பிள்ளையும் இங்கே வந்தோம். எனக்குப் பாண் செய்கிற ஒரு பெரிய பெக்டரியில் வேலை. பாண் என்றால் நம்ம ஊரில் அடுப்பில் சுடுகிற ரொட்டிப் பாண் இல்லை. மெஷினில் ஆறு மாதிரி ஓடி வருகிற பாண். இங்கே வந்து முதல் மாசியில், போன வருஷம், இரத்தோட்டையில் இருக்கிற என் அக்கா, அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த மஞ்சள் கயிற்றைத் திருநீற்றோடு பார்சலில் அனுப்பினாள். சமையல் சாமான் வைக்கிற குசினி அல்மாரியில் இருக்கிற அம்மன் படத்துக்கு முன்னால் நின்று தனம் கட்டிவிட்டாள். ஐயர் இல்லாமல் கட்டலாமா என்று எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். "கயிறு அங்கேருந்துதானே வந்துருக்கு, முடிச்சு மட்டுந்தானே நம்ம முடிச்சு" என்றாள் தனம்.

பெக்டரியில் மோதிரம், மணிக்கூடு, கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. சாப்பாட்டில் விழுந்துவிடும் என்று பயம். நியாயமான பயம்தான். எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் கிரேக் என்று ஒருத்தர், என்னைவிட வயது குறைந்தவர். முதல் நாளே கயிற்றைப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டிடுங்க ராஜ்" என்றார். ராஜேந்திரன் என்ற பேரில் அவருக்கு அவ்வளவுதான் வாயில் நுழைந்தது. நான் "யெஸ், யெஸ்" என்றேன். மேலே இருக்கிறவர் ஒன்று சொன்னால் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லுகிற பழக்கம் நமக்கு இல்லையே. முதலில் சரி என்போம். பிறகு நம்மால் ஆன வழியைப் பார்ப்போம். நான் பார்த்த வழி, நீளமான கையுறை போட்டு, அதற்கு மேலே டேப் சுற்றியது. கயிறு வெளியில் தெரியவே தெரியாது. பாணுக்கும் ஒன்றும் ஆகாது, அம்மனுக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

தேருக்கு முந்தின நாள், தட்டுத் தூக்கும்போது கையுறை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கிரேக் பக்கத்தில் நின்றார். மெஷினை நிறுத்தினார்கள். அந்த வரிசையில் இருந்த மாவெல்லாம் குப்பைக்குப் போனது. அது இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது; சாப்பாட்டைக் கொட்டுவதைப் பார்க்க முடியவில்லை. கிரேக் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதிரை கொடுத்தார். மெல்லிய குரலில் நிறையப் பேசினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கியதில் ஒன்று இது: "கயிறு பிரச்சினை இல்லை ராஜ். கழட்டுறேன்னு நீங்க என்கிட்ட சொன்னீங்க."

"எல்லாம் என் தப்பு சார். முழுக்க என் தப்பு" என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களுக்கு எல்லாம் நல்லபடியா அமையணும் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

துரை பேனாவை மூடி வைத்தது என் கண் முன்னால் வந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை, கை வேறு குலுக்கினார், இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து அம்மனுக்கு விளக்கு வைத்துக் கும்பிட்டேன். அடுத்த நாள் விடிய, சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலில் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. அட்டையைத் துணியில் துடைத்துத் தட்டினேன். பின்னால் வந்த பஞ்சாபிக்காரர் ஒருத்தர் தன் அட்டையைத் தட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க" என்றார். அதற்குள் காவல்காரர் ஓடி வந்துவிட்டார். உள்ளே விட முடியாது என்று அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அன்றைக்கு மாத்தளையில் தேர்.

எங்கள் தோட்டத்தில் திட்டினால்தான் கோபம், சிரித்தால் சமாதானம். இங்கே சிரித்துக்கொண்டே பேரை வெட்டுகிறார்கள். இதில் எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியாது. மாடு என்று பேச்சு வாங்கி வேலையோடு திரும்புவதா, கை குலுக்கி வேலை இல்லாமல் திரும்புவதா?

பங்குனியில் இருந்து வேலை தேட ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு கழுவுகிற இடம், பஸ் கழுவுகிற இடம், பெட்டி ஏற்றுகிற இடம் என்று போனேன். எல்லா இடத்திலும் கதிரை, எல்லா இடத்திலும் அந்தக் கேள்வி. நான் எல்கடுவ ஜன்னலில் சொன்னதையே சொன்னேன். "தப்பு என் மேலதான் சார். பெரிய தப்பு. என்னாலதான் எல்லாம்." கிழங்கு கழுவுகிற இடத்தில் கேட்டவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்ததைப் பார்த்தேன். "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார். நான் பணிவு காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "தெரியாது சார், ஆனா தப்பு என்னோடதுதான்" என்றேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கிறவர் சிவா அண்ணன், யாழ்ப்பாணத்து மனுஷர், டெக்ஸி ஓட்டுகிறார். அவரிடம் சொன்னபோது தலையில் கை வைத்தார்.

"ஐயோ தம்பி, நீர் என்ன வேலைக்குப் போறீரோ கோட்டுக்குப் போறீரோ? கேக்க முதலே குற்றத்தை ஒப்புக்கொள்ளுறீர். நானா விட்டனான் எண்டு சொல்லும். முதுகு நோ எண்டு சொல்லும். ஆர் போய் விசாரிக்கப் போறான்?"

"அது பொய்ங்களேண்ணே."

"உம்மட உண்மையாலதானே இவ்வளவு நாளும் வீட்டில இருக்கிறீர்?"

தனத்திடம் வந்து சொன்னேன். அவள் அப்போது இரண்டு முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் இடுப்பில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். "அம்மாவுக்காகத்தான் வேலை போச்சுன்னு சொல்லுறீங்க. அதே அம்மாவக் கும்பிட்டுட்டுப் போய்ப் பொய் சொல்லுவீங்களா?" என்றாள். சோற்றைப் போட்டுக்கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சொன்னாலும் அவ கோவிக்க மாட்டா. எனக்கு இடுப்பு ஒடியுதுங்க" என்றாள். அவள் இரண்டையும் மனதறிந்துதான் சொன்னாள். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

வேலை தேடுகிறவர்களுக்கு உதவி செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜோய்ஸ் என்கிற நடுத்தர வயது அம்மா, பிலிப்பைன்ஸில் இருந்து வந்தவர், எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பொய் சொல்ல வேண்டாம், ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். அந்த இடத்தில் ஒரு சட்டம் இருந்தது. எனக்குச் சமயக் காரணம் ஒன்று இருந்தது. அதை நான் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லவில்லை. இனிமேல் முதலிலேயே சொல்வேன். இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டுமாம்.

"மன்னிப்பு எந்த இடத்துல கேக்கணும்?" என்றேன்.

"கேட்க வேண்டாம்."

"அப்ப தப்பு யாரோடதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜோய்ஸ் சிரித்தார். "அதை யாரும் கேட்கவில்லையே. மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்வீங்கன்னுதான் கேட்கிறாங்க."

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. தோட்டத்தில் ஒரு மனுஷன் கூட அப்படிக் கேட்டதில்லை. மறுபடி நடந்தால் மறுபடி ஜன்னல், மறுபடி குனிவு, அவ்வளவுதானே. தப்பை ஏற்றுக்கொண்டால் சந்தேகப்படுகிறார்கள், தப்பு யாருடையது என்று சொல்லாமல் போனால் நம்புகிறார்கள். இது என்ன கணக்கு? ஆனாலும் பாடமாக்கினேன். குசினியில் தனம் அகப்பையைப் பிடித்துக்கொண்டு முதலாளியாக நிற்பாள். "சொல்லுங்க மிஸ்டர் ராஜ், ஏன் விட்டீங்க?" நான் ஆரம்பிப்பேன். இரண்டாவது வரியிலேயே என் கழுத்து தானாகக் குனிந்துவிடும். "தலை, தலை" என்று அகப்பையால் என் நாடியை நிமிர்த்துவாள். தர்ஷினி உருண்டு உருண்டு சிரிப்பாள்.

தை மாதத்தில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவுகிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். தனம் வேலை செய்கிற இடம் இல்லை, வேறு இடம். பொறுப்பாளர் பேர் லிண்டா. நரைத்த தலை, பருத்த உடம்பு, கையில் எப்போதும் ஈரம் துடைக்கிற துவாய். கதிரை கொடுத்தார். நுனியில் உட்கார்ந்தேன். கேள்வி வந்தது. பாடமாக்கியதை, கயிற்றுக் கதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்து நிறுத்தினேன். தலை நிமிர்ந்துதான் இருந்தது. லிண்டா தலையாட்டினார். நான் உள்ளுக்குள் அம்மனைக் கூப்பிட்டு நன்றி சொல்லப்போன நேரத்தில் அவர் இன்னொன்று கேட்டார்.

"இந்த வருஷமும் அந்தக் கயிற்றைக் கட்டுவீங்களா?"

இதை ஜோய்ஸ் சொல்லித்தரவில்லை. தனத்தின் அகப்பையும் கேட்கவில்லை. மாசி வந்துகொண்டிருந்தது, அக்கா பார்சலைப் போட்டுவிட்டாள். குசினி என்றால் இங்கேயும் கையில் கயிறு ஆகாது என்று எனக்குத் தெரியும். "இல்லை மேடம், இனிமே இல்லை" என்று வாயில் தயாராக இருந்தது. வேல வேணுமா வேணாமா என்று தலைவர் காதுக்குள்ளேயே கேட்டார். தனத்தின் இடுப்பு ஞாபகம் வந்தது. அதோடு, ஆஸ்பத்திரியில் கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்த பிள்ளையும் ஞாபகம் வந்தது.

"கட்டுவேன்" என்றேன். "கொஞ்ச நாளைக்குத்தான். ஆனா கட்டினா கழட்ட முடியாது. நீங்க கழட்டச் சொன்னாலும் என்னால முடியாது. அது சரிவராதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

மேலே இருக்கிற ஒருவருக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் நின்றேன். லிண்டாவும் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த கலண்டர் பக்கம் போய், பேனாவை எடுத்தார்.

"எந்தெந்த நாள்?"

எனக்குத் தெரியவில்லை! கொடியேற்றத் தேதியை அக்காவிடம் கேட்டு வைக்கவே இல்லை. அந்த அம்மா, "போன் பண்ணிக் கேளுங்க, நான் நிற்கிறேன்" என்றார். இங்கே காலை, அங்கே படுக்கப் போகிற நேரம். அக்கா பதறிக்கொண்டு எடுத்தாள்.

"என்னா தம்பி, யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. கொடியேத்தம் என்னைக்கு?"

"அதக் கேக்கவா இந்த நேரத்துல? எங்க நின்னு பேசுற?"

"வேல கேட்டு வந்த எடத்துல."

"வேல கேட்டுப் போன எடத்துல நின்னுக்கிட்டு லீவா கேக்குற? ஒனக்கு அங்க போயி மண்ட கொழம்பிருச்சாடா?"

அப்படித்தான் எனக்கும் தோன்றியது. அக்கா சொன்ன தேதிகளை நான் சொல்லச் சொல்ல, லிண்டா கலண்டரில் கோடு போட்டார். அந்த நாட்களில் வர வேண்டாம், சம்பளம் கிடையாது, மற்ற நாள் எல்லாம் வெறுங்கையோடு வர வேண்டும், திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்றார். நான் வாய்வரை வந்த "யெஸ், யெஸ்"ஸை விழுங்கிவிட்டு, அவர் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டேன். சரி என்றார். பஸ்ஸில் வரும்போது தனத்துக்குச் சொன்னேன். போனில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று பிடிபடவில்லை. இரண்டாவது இடத்து வேலையை விட்டுவிடு என்று மட்டும் சொன்னேன்.

முடியாது என்று சொன்னதால் கிடைத்த வேலை இது. நான் அறிந்த உலகத்தில் அப்படி ஒரு வழி இல்லை. தலைவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு நம்பியிருக்க மாட்டார். இந்த வழிதான் நேரான வழி என்றால், அன்றைக்கு எல்கடுவ ஜன்னலில் நான் சொன்னது என்ன? அது பொய்யா, பணிவா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

மாசி வந்தது. காப்புக் கட்டினேன். கலண்டரில் கோடு போட்ட நாட்களில் வீட்டில் இருந்தேன். மாத்தளையில் என்றால் ஊரே என்னோடு லீவில் இருக்கும். இங்கே எனக்கு மட்டும் லீவு. தனம் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. வெளியில் பனியை வாருகிற வண்டி தன் பாட்டில் போகிறது. தேரன்றைக்கு அக்கா சனத்துக்குள் நின்று போனை மேலே தூக்கிக் காட்டினாள். மேளச் சத்தமும் யாரோ ஒருத்தரின் தோள்பட்டையும்தான் தெரிந்தது. நான் அந்தத் தோள்பட்டைக்குப் பின்னால் எங்கேயோ அம்மன் போகிறாள் என்று நினைத்து, காப்புக் கட்டிய கையை எடுத்துக் கும்பிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு, கயிற்றை அவிழ்த்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். இந்த நகரத்துக்கு நடுவில் பெரிய ஆறு ஒன்று போகிறது. போய்ப் பார்த்தால் ஆற்றுக்கு மேலே பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். கரையில் இருந்து கரைக்கு ஒரே கல்லாக உறைந்து கிடக்கிறது. ஓடுகிற தண்ணீர் எங்கேயோ அடியில் இருக்கிறதாம். பிறகு கயிற்றைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போனேன்.

ஆறு எப்போது இளகும் என்று லிண்டாவிடம் கேட்டேன். "ஏப்ரலில். ஏன், மீன் பிடிக்கப் போறீங்களா ராஜ்?" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே "யெஸ், யெஸ்" என்றுவிட்டது. அவர் போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாளைக்குப் போய்ச் சரியாகச் சொல்ல வேண்டும். சட்டையை மடித்துவிட்டு, வெறுங்கையைச் சுடுதண்ணீரில் விட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். பின்வாசல் பக்கம் ஆணியில் என் குளிர்ச்சட்டை தொங்குகிறது. அதன் பைக்குள் கயிறு இருக்கிறது, கையிலும் இல்லாமல் ஆற்றிலும் இல்லாமல். சாமான் இறக்குகிறவர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று வந்து சட்டை ஆடுகிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன்.